சால்ஃபெல்ட் பழுப்புக் கட்டி: பாஸ்பேட்டா, சல்பேட்டா?

ஜெர்மனியின் சால்ஃபெல்டில் கிடைத்த, டயாடோகைட் என்று நினைக்கும் பழுப்புக் கட்டியைச் சேகரிப்பில் பாஸ்பேட் தட்டில் வைப்பதா, சல்பேட் தட்டில் வைப்பதா என்று கேட்டீர்கள். பாஸ்பேட் தட்டிலேயே வையுங்கள். டயாடோகைட் என்ற கனிமத்தில் பாஸ்பேட், சல்பேட் இரண்டும் சரிசமமாக இருந்தாலும், கனிமங்களை வகைப்படுத்தும் ஸ்ட்ரன்ஸ் பட்டியல் அதை 8ஆம் வகுப்பில், அதாவது பாஸ்பேட்டுகளோடுதான் சேர்க்கிறது.

படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே வரைபடத்தில் கூர்மையான முனையே வராமல் அகலமான மேடு மட்டும் தெரிகிறது என்றீர்களே, பெரும்பாலும் கருவியில் கோளாறு இருக்காது. டயாடோகைட் படிகமாக ஒழுங்குபடாத, பிசின் மாதிரியான பொருள், சால்ஃபெல்ட் பழைய படிகாரச் சுரங்கத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்து தொங்கூசியாக உறைந்தது. அதே சேர்மம் நன்றாகப் படிகமானால் டெஸ்டினசைட், முச்சரிவுப் படிகத் தொகுதி. அதில் முனைகள் தெளிவாக வரும்.

லிமோனைட்டோ (பழுப்பு இரும்புத் தாது) என்ற சந்தேகத்துக்கு ஒரு சோதனை: கட்டியைக் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை எடை போடுங்கள். துளைகளில் இருந்து குமிழி வருவது நிற்கும்வரை பொறுங்கள், இல்லாவிட்டால் கணக்கு குறைத்துக் காட்டும். காற்றில் போட்ட எடையை இரண்டு எடைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். அது 2.0 முதல் 2.4க்குள் வந்தால் டயாடோகைட்டாக இருக்கலாம், லிமோனைட் பொதுவாக இதைவிடக் கனம்.

ஆனால் பிட்டிசைட் என்ற கனிமமும் பார்க்க இப்படியேதான், அடர்த்தியும் கிட்டத்தட்ட இதே. அதில் பாஸ்பேட்டுக்குப் பதில் நஞ்சான ஆர்சனிக் உள்ள ஆர்சனேட் இருக்கிறது. அதனால் தனிமப் பகுப்பாய்வு முடியும்வரை கட்டியைச் சூடாக்கவோ பொடிக்கவோ வேண்டாம், தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.