சந்தையும் வரியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரியைக் குறைத்து, சந்தையை அதன் போக்கில் விட்டாலே ஏழைகள் முன்னேறிவிடுவார்கள் என்கிறார் என் நண்பர். சீனாவைப் பார் என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் இரண்டு விஷயங்களைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறார். சந்தையைத் திறப்பது வேறு, வரியைக் குறைப்பது வேறு. முதலாவதில் அவர் பக்கம் நிறைய நியாயம் இருக்கிறது.

1978 இறுதியில், சீனாவின் அன்ஹுய் மாகாணத்துச் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கூட்டுப்பண்ணை நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரிப்பது, அரசுக்கு உரியதைக் கொடுத்த பிறகு மிச்சத்தை அவரவர் வைத்துக்கொள்வது. யாராவது சிறைக்குப் போக நேர்ந்தால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்க்க வேண்டும் என்றும் எழுதினார்கள். எவ்வளவு பயம் இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பார்கள்! அடுத்த அறுவடையிலேயே விளைச்சல் பல மடங்கு கூடியது. வியட்நாமும் 1986-ல் சீர்திருத்தத்தில் இறங்கி, 1989-லேயே அரிசியைப் பெருமளவில் ஏற்றுமதி செய்தது. தன் உழைப்பின் பலனைத் தானே விற்கும் உரிமைதான் அந்த மக்களைத் தூக்கிவிட்டது. ஆனால் அங்கே அப்போது நிலம் பெரும் பண்ணையார்கள் கையில் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

வரிக்கு வருவோம். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலம் 2012-ல் வருமான வரியை வெகுவாகக் குறைத்தது. பலவகைத் தொழில்களின் உரிமையாளர்களுக்கு லாபத்தின் மீதான மாநில வரியே இல்லை என்றது. சொன்ன வளர்ச்சி வரவில்லை, கஜானாதான் காலியானது. பள்ளிகளுக்கான பணத்தில் கை வைத்தார்கள். அப்புறம் 2015-ல் விற்பனை வரியை 6.15 சதவீதத்திலிருந்து 6.5 ஆக ஏற்றினார்கள். அப்போது மளிகைப் பொருட்களுக்கும் அதே வரிதான் இருந்தது. அதாவது, தொழிலதிபருக்கு விட்டுக்கொடுத்த பணத்தில் ஒரு பகுதி, குழந்தைக்குப் பால் வாங்கும் அம்மாவின் பையிலிருந்து எடுக்கப்பட்டது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. 2017-ல் ஆளுநரின் வீட்டோவை, அதாவது மறுப்பாணையை, மீறிச் சட்டமன்றமே அந்த வரிக்குறைப்பின் பெரும்பகுதியை ரத்து செய்தது.

திறந்த சந்தையும் அதிக வரியும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு டென்மார்க்கைப் பாருங்கள். அங்கே தொழில் தொடங்குவது எளிது, ஆளை வேலையை விட்டு எடுப்பதும் ஓரளவு எளிதுதான். வரியோ உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. வேலை போனவருக்கு உதவித்தொகையும் பயிற்சியும் பெரும்பாலும் அந்த வரிப்பணத்தில்தான் கிடைக்கின்றன.

எனவே நண்பரிடம், எந்த வரியைக் குறைக்கச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். உணவு, மருந்து மீதான வரி என்றால் நானும் அவர் பக்கம். பெரும் வருமானத்தின் மீதான வரி என்றால், அதனால் கஜானாவில் விழும் பள்ளத்தை யாருடைய காசால் நிரப்புவது என்பதையும் அவர் சொல்லட்டும்.