ரெட்வுட் காட்டுக்கு நானும் நாயும் மட்டும் போலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. நான் பினாங்கு ஜெலுத்தோங்ல இருக்கேன், 57 வயசு, தமிழ்ப்பள்ளி டீச்சரா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனேன். மக கலிபோர்னியாவுல சான் ஹோசேல வேலை செய்றா. அவகிட்ட 16 அடியில சின்ன ட்ரெய்லர் ஒண்ணு இருக்கு, ஆறு வயசு லேப்ரடார் கலப்பு நாயும் இருக்கு, என்கிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்ட புள்ள. வர்ற செப்டம்பர்ல நான் போறப்ப மகளுக்கு லீவு இல்ல. அதனால நானும் நாயும் மட்டும் வடக்க ரெட்வுட் மரங்களைப் பார்க்க ரெண்டு வாரம் போலாம்னு ஆசை. அந்த மரத்தையெல்லாம் பார்க்கணும்னு என் வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருப்பார், அவர் போய் மூணு வருஷமாச்சு. அண்ணன்மாருங்க பொம்பள தனியா எதுக்குன்னு சத்தம் போடுறாங்க. காடி 30 வருஷமா ஓட்டுறேன், ட்ரெய்லர் இழுத்ததில்ல. போலாமா? நாயோட அந்த மரத்தடியில நடக்க விடுவாங்களா?

பதில்: போங்கம்மா, கண்டிப்பா போங்க. ஆனா உங்க கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா பயணத்தோட பிளானே அதை வச்சுதான் மாறும். விட மாட்டாங்க. ரெட்வுட் தேசியப் பூங்காவுலயும் அதோட சேர்ந்த மாநிலப் பூங்காக்கள்லயும் காட்டுக்குள்ள போற நடைபாதை எதுலயும் நாய்க்கு அனுமதி இல்ல. கேம்ப்கிரவுண்ட், பார்க்கிங், ரோடு, பிக்னிக் இடம், சில கடற்கரை, இங்கெல்லாம் ஆறு அடிக்கு மேல போகாத கயிறு கட்டி கூட்டிட்டுப் போலாம். நாயை கேம்ப்ல தனியா கட்டிப் போட்டுட்டு நீங்க மட்டும் நடந்துட்டு வரவும் கூடாது, எப்பவும் ஆள் கூடவே இருக்கணும். ரெண்டு பேரா போனா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பார்த்துக்கலாம், தனியா போறவங்களுக்கு அந்த வசதி இல்ல.

நான் 2019 செப்டம்பர்ல அண்ணன் வீட்டு நாயையும் அவரோட ட்ரெய்லரையும் எடுத்துக்கிட்டு இதே வழியில போனேன், இது தெரியாம போய் முதல் நாள் நடைபாதை வாசல்ல இருந்த போர்டைப் பார்த்து அழுகையே வந்துடுச்சு. ஆனா அந்த கெடுபிடியில நியாயம் இருக்கு. ஒரு காலத்துல இருந்த பழைய ரெட்வுட் காட்டுல 95 சதவீதத்துக்கு மேல வெட்டியாச்சு, 1968ல தேசியப் பூங்கா ஆக்கினப்ப மிச்சம் இருந்ததைத்தான் காப்பாத்த முடிஞ்சுது. உலகத்துலயே உயரமான மரம், ஹைப்பீரியன், 2006ல கண்டுபிடிச்சாங்க, ஏறக்குறைய 116 மீட்டர், நம்ம பினாங்கு கொம்தார் கட்டடத்தோட உயரத்துல பாதிக்கிட்ட. ஜனங்க அதைத் தேடிப் போய் அடிமண்ணை மிதிச்சே கெடுத்துட்டாங்கன்னு 2022ல இருந்து அந்தப் பக்கமே போகக்கூடாதுன்னு மூடிட்டாங்க. அவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேர் கிடையாதும்மா, வேர் ஆழமா போகாது, பக்கவாட்டுல ஓடி அடுத்த மரத்து வேரோட பின்னிக்கிட்டு நிக்குது. மேல மண்ணை மிதிச்சு இறுக்கிட்டா அதுக்கு மூச்சு முட்டும்.

அதனால நாயோட போறவங்க ரோட்டுல இருந்து பார்க்க பழகிக்கணும், அதுவே நிறைய இருக்கு. ஹம்போல்ட் ரெட்வுட் பூங்காவுல 'அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்'னு 51 கிலோமீட்டர் ரோடு, 101 ஹைவேக்கு பக்கத்துலயே போகும், ட்ரெய்லரோட தாராளமா போலாம், ஓரத்துல நிறுத்துற இடமும் நிறைய. இன்னும் வடக்க பிரேரி கிரீக் பூங்காவுல எல்க் பிரேரி கேம்ப்கிரவுண்ட்ல ரெண்டு மூணு ராத்திரி தங்குங்க. அதுக்குக் கிட்டவே கால் பேரல் ரோடுன்னு ஒரு மண்ரோடு, பழைய காட்டுக்குள்ளயே ஏறிப் போகுது, அதுல கயிறு கட்டின நாய்க்கு அனுமதி உண்டு. ட்ரெய்லரை உள்ள கொண்டு போகக்கூடாது, கேம்ப்லயே விட்டுட்டு நடந்து போங்க, திறந்திருக்கான்னு மட்டும் அன்னிக்கு காலையில ரேஞ்சர்கிட்ட கேட்டுக்கங்க. ஜெடிடையா ஸ்மித் பூங்காவுல வாக்கர் ரோடும் இதே மாதிரிதான். ஹவ்லண்ட் ஹில் ரோட்டுல ட்ரெய்லரை கழட்டிட்டு காடியில மட்டும் போங்க, நாய் ஜன்னல்ல தலையை நீட்டிக்கிட்டு வரும். கோல்ட் பிளஃப்ஸ் கடற்கரைக்கு போற டேவிசன் ரோட்டுலயும் ட்ரெய்லர் கூடாது. வழியில ஆர்கேட்டா ஊருல நகராட்சியோட காடு ஒண்ணு இருக்கு, வெட்டினதுக்கு அப்புறம் வளர்ந்த ரெட்வுட்தான், ஆனா நடைபாதையில நாயோட நடக்கலாம், அங்க ஒரு நாள் முழுக்க இருங்க.

இவ்வளவு தூரம் போயிட்டு பழைய மரத்தடியில நீங்க நடக்காம வரக்கூடாதுன்னும் நினைக்கிறேன், அதுவும் வீட்டுக்காரர் ஆசைக்காக போறீங்க. ஒரு நாள் மட்டும் வழியில இருக்கிற யுரேக்கா ஊர் பக்கத்துல பகல்ல நாயைப் பார்த்துக்கிற இடத்துல விட்டுட்டுப் போங்க, ஊசி போட்ட சர்டிபிகேட் கேப்பாங்க, மகளை முன்னாடியே புக் பண்ணச் சொல்லுங்க. பட்டையில கையை வச்சுப் பாருங்க, தேங்காய் நார் மாதிரி மெத்துன்னு இருக்கும்.

ட்ரெய்லர் விஷயம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வாரம் காலி பார்க்கிங்ல பழகுங்க, நேரா இழுக்கிறது பெரிய வேலை இல்ல, ரிவர்ஸ்தான் கஷ்டம். ஸ்டியரிங்கோட அடியில ஒரு கையை வைங்க, கை எந்தப் பக்கம் போகுதோ ட்ரெய்லர் வால் அந்தப் பக்கம் போகும், கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க, கோணலாச்சுன்னா முன்னாடி இழுத்து நேராக்கிட்டு மறுபடி ஆரம்பிங்க. ரெண்டு சேஃப்டி செயினையும் குறுக்க மாட்டணும். பாரம் பின்னாடி அதிகமா இருந்தா ட்ரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும், அப்ப காடி பிரேக்கை அழுத்தாம எண்ணெ மிதியில இருந்து காலை எடுங்க, காடிக்குள்ள இருக்கிற ட்ரெய்லர் பிரேக் கண்ட்ரோலை மட்டும் கையால மெதுவா போடுங்க. அங்க ட்ரெய்லர் இழுக்கிற காடிக்கு வேகம் மணிக்கு 55 மைல், சுமார் 88 கிலோமீட்டர்தான், அதுவும் வலது லேன்ல. ரெண்டு லேன் ரோட்டுல பின்னாடி அஞ்சு வண்டி சேர்ந்துட்டா ஒதுங்குற இடத்துல ஒதுங்கி வழி விடணும், அது சட்டமே. லெகெட்ல இருந்து கடற்கரைக்கு இறங்குற 1ஆம் நம்பர் ரோட்டுக்கு மட்டும் போகாதீங்க, நம்ம பாலேக் பூலாவ் மலைரோட்டு வளைவையே ட்ரெய்லரோட மணிக்கணக்கா ஓட்டுற மாதிரி இருக்கும். 101லயே இருங்க. ஜேபிஜேல இன்டர்நேஷனல் லைசென் எடுத்துக்கங்க, மகளோட இன்சூரன்ஸ்ல உங்க பேரைச் சேர்க்கச் சொல்லுங்க.

நாயை ஓடுற ட்ரெய்லர்ல விடாதீங்க, காடியில பெல்ட் போட்டு பின் சீட்ல. வழியில யுகையா ஊர் பக்கம் செப்டம்பர்ல நம்ம ஊர் மத்தியான வெயிலை விட மோசமா காயும், அதனால எண்ணெ ஊத்த நிறுத்தினாக்கூட நாயை மூடின காடியில விட்டுட்டு உள்ள போகாதீங்க. கரையோரம் போயிட்டா குளிர்தான், ஸ்வெட்டர் வேணும்.

இதை மட்டும் கவனமா படிங்க. கிளாமத் ஆத்து முகத்துவாரத்துக்கிட்ட ஒரு நாள் எங்க நாய் ஓடிப்போய் எதையோ கவ்விக்கிட்டு வந்துச்சு, பார்த்தா செத்த சால்மன் மீனோட தலை. வாயைப் பிளந்து விரலை விட்டு வெளிய எடுத்தேன், கை முழுக்க எச்சிலும் செதிலும். பக்கத்துல மீன் பிடிச்சுக்கிட்டிருந்த யூரோக் பழங்குடிப் பெரியவர் ஒருத்தர் முழுங்கிடுச்சான்னுதான் முதல்ல கேட்டார். அந்தப் பக்கத்து சமைக்காத சால்மன்ல ஒரு புழு இருக்கும், அந்தப் புழுக்குள்ள ஒரு கிருமி, தின்ன நாய்க்கு ஒரு வாரத்துல காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிடாம படுத்துடும். சீக்கிரம் மருந்து குடுத்தா பிழைச்சுக்கும், சளின்னு நினைச்சு விட்டா பெரும்பாலும் செத்துடும். எங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா பத்து நாள் நான் தூங்கல. ஈல் ஆத்துலயும் கோடை கடைசியில பாசி விஷமாகி நாய்கள் செத்திருக்கு, அதுல இறங்கவும் குடிக்கவும் விடாதீங்க. கடற்கரையில திடீர்னு ஒரு பெரிய அலை வந்து இழுத்துடும். நாய் மாட்டிக்கிட்டாலும் பின்னாடியே இறங்கிடாதீங்கம்மா, சொல்லவே மனசு வலிக்குது, ஆனா அப்படி இறங்கித்தான் ஆளுங்க போயிருக்காங்க.

நாய்த்தீனியை வெளிய தட்டுல விட்டு வைக்காதீங்க. கரடிக்காக மட்டும் இல்ல, சிந்தின தீனிக்கு காக்கா வரும், வந்த காக்கா மேல மரத்துல ஒரே ஒரு முட்டை போட்டு அடைகாக்குற மர்லெட்னு ஒரு கடல் பறவையோட முட்டையையும் குஞ்சையும் தின்னுடும்.

தனியா இருக்கிற பயத்துக்கு: சாயங்காலம் நாலு மணிக்குள்ள கேம்ப்க்கு போயிடுங்க, சைட் நம்பரை சிக்னல் இருக்கிறப்பவே மகளுக்கு அனுப்பிடுங்க, ரெண்டு பேர் இருக்கிற மாதிரி தெரிய ரெண்டு நாற்காலி வெளிய போடுங்க. கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கிற ஹோஸ்ட் இருப்பாங்க, போனதும் போய் வணக்கம் சொல்லிடுங்க. நாய் காவலுக்குன்னு நம்பாதீங்க, லேப்ரடார் எல்லாரையும் வரவேற்கும். ஆனா ராத்திரி பக்கத்துல அது மூச்சு விடுற சத்தம் இருக்கே, அது போதும். அண்ணன்மாருங்களுக்கு தினமும் ஒரு போட்டோ அனுப்புங்க.

முதல் ராத்திரி கூரையில சொட்டு சொட்டுன்னு விழும். நான் மழைன்னு நினைச்சு டார்ச்சோட இறங்கினேன், ரோட்டு நடுவுல காஞ்சு கிடக்கு, மரத்தடி மட்டும் நனைஞ்சிருக்கு. பனிமூட்டத்தை மரம் இலையில பிடிச்சு தன் வேருக்கே ஊத்திக்குது, மழை இல்லாத கோடையில அதுக்கு அதுதான் தண்ணி. நாயும் நானும் அதைக் கேட்டுக்கிட்டே ரொம்ப நேரம் படியில உக்காந்திருந்தோம்.

கேள்வி: அக்கா, நான் கோலாலம்பூர் செந்தூல்ல இருந்து. இதே மாதிரி போக ஆசை, ஆனா அங்க சொந்தக்காரங்க இல்ல. என் நாயை இங்கிருந்தே பிளேன்ல கொண்டு போலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. வெறிநோய் ஆபத்து அதிகம்னு அமெரிக்கா வச்சிருக்கிற நாடுகள் பட்டியல்ல மலேசியாவும் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல இருந்து புது விதி: நாய்க்கு ஆறு மாசம் ஆகியிருக்கணும், மைக்ரோசிப், ஊசி சர்டிபிகேட், ரத்தப் பரிசோதனை, அதுக்குன்னு பதிஞ்ச காப்பகத்துல புக்கிங், அது இருக்கிற சில ஏர்போர்ட் வழியா மட்டும்தான் இறங்கலாம். திரும்பி வர்றப்ப இங்கயும் பெர்மிட், குவாரண்டின். ரெண்டு வாரத்துக்காக கூண்டுல அவ்வளவு நேரம் அதை அடைக்காதீங்க. அதை நல்லவங்ககிட்ட விட்டுட்டு நீங்க போங்க, எல்லா நடைபாதையும் உங்களுக்கு திறந்திருக்கும்.