பின்தொடரும் தலைப்பில் தேவையான செய்திகளை மட்டும் வரவழைப்பது எப்படி?

கேள்வி: கூகுள் அலர்ட்ஸ் மாதிரியான ஒரு சேவையில் எனக்குப் பிடித்த தலைப்பைப் பின்தொடர்கிறேன். தினமும் மின்னஞ்சல் வருகிறது, ஆனால் பெரும்பாலானவை எனக்குச் சம்பந்தமே இல்லாதவை. பொருத்தமானவை மட்டும் வரும்படி செய்ய முடியுமா?

முடியும். நான் பல வருடங்களாக இப்படிப்பட்ட சேவைகளை நம்பித்தான் சில துறைகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். சரியாக அமைத்துக்கொண்டால் இதைவிட நல்ல உதவியாளர் கிடையாது என்பது என் எண்ணம்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தச் சேவைக்கு உங்கள் தலைப்பு தெரியாது. நீங்கள் தட்டச்சு செய்த சொற்கள்தான் தெரியும். தேவையில்லாத செய்தி வந்து குவிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அமைப்புகளில் எதையாவது மாற்றுவது அப்புறம். கொடுக்கும் சொற்களைச் சீர்படுத்துவதில்தான் பாதிக்கு மேல் வேலை முடிகிறது.

நான் தொடரும் ஒன்றையே எடுத்துச் சொல்கிறேன். மின்வாகனங்களுக்காக உருவாகி வரும் திடநிலை பேட்டரிகள் (உள்ளே திரவத்துக்குப் பதிலாகத் திட மின்பகுபொருள் கொண்டவை) பற்றிய ஆராய்ச்சி. ஆங்கிலத்தில் வெறுமனே 'பேட்டரி' என்று கொடுத்தால் என்னவெல்லாம் வரும் தெரியுமா? கைப்பேசி விமர்சனங்கள் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆங்கிலச் சட்டத்தில் ஒருவரைத் தாக்குவதற்கும் அதே சொல் என்பதால், அடிதடி வழக்கில் கைதானவர்களைப் பற்றிய காவல்துறைச் செய்திகள் வரும். பீரங்கிப் படைப்பிரிவுக்கும் அதே சொல் என்பதால் போர்ச் செய்திகளும் வரும். 'சாலிட் ஸ்டேட் பேட்டரி' என்ற தொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தவுடன் இவை எல்லாம் போய்விடும். மேற்கோள் குறி போட்டால் அந்தச் சொற்கள் அதே வரிசையில் சேர்ந்து வரும் பக்கங்களைத்தான் அது தேடும்.

ஆனால் அடுத்து வேறொரு வெள்ளம் வரும். இந்தச் சந்தை இத்தனை வருடத்தில் இவ்வளவு வளரும் என்று சொல்லும் சந்தை ஆய்வு அறிக்கைகளின் விளம்பரங்கள். எந்தத் தொழில்நுட்பத் தலைப்பைத் தொடர்ந்தாலும் இவை துரத்தும். நல்ல வேளையாக, இவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. 'மார்க்கெட் சைஸ்' என்ற தொடரும், கூட்டு வளர்ச்சி விகிதத்தைக் குறிக்கும் 'சிஏஜிஆர்' என்ற சுருக்கமும் இல்லாமல் ஓர் அறிக்கைகூட இருக்காது. அந்த இரண்டுக்கும் முன்னால் இடைவெளி விடாமல் ஒரு கழித்தல் குறி போட்டேன். அந்த விளம்பரங்களில் பெரும்பகுதி அன்றோடு நின்றுபோனது. உங்கள் தலைப்பிலும் இப்படி ஒரே அச்சில் வரும் குப்பை இருக்கும். பயன்படாத பத்துப் பதினைந்து செய்திகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் தொடர் எது என்று தேடுங்கள். அரைமணி நேர வேலை, பலன் மாதக்கணக்கில் நிற்கும்.

கழித்தல் குறியைக் கொஞ்சம் நிதானமாகப் பயன்படுத்துங்கள். அது இரக்கமில்லாத கருவி. 'பங்கு' என்ற சொல்லைக் கழித்தால், அருமையான ஆய்வுக் கட்டுரை ஒன்றின் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் பங்கு விலை பற்றி ஒரு வரி இருந்தால் அதுவும் வராது. அதனால் தனிச் சொல்லைக் கழிப்பதைவிடக் குறிப்பான தொடரைக் கழிப்பது நல்லது. ஒரே தளம்தான் தொல்லை என்றால் அந்தத் தளத்தையே விலக்கலாம்: கழித்தல் குறி, அதை ஒட்டி ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்ற சொல், முக்காற்புள்ளி, பிறகு தளத்தின் முகவரி, நடுவில் இடைவெளி எதுவும் இல்லாமல். கழித்தல் குறியை எடுத்துவிட்டால் இதுவே தலைகீழாக வேலை செய்யும்; அந்தத் தளத்தில் வருவதை மட்டும் கொண்டுவரும்.

இதுவரை சொன்னது வேண்டாததை விலக்கும் வழி. வேண்டியதை வரவழைக்க வேறு மாதிரி யோசிக்க வேண்டும், பலர் தொடாமல் விடுவது இதைத்தான். உங்களுக்கு உண்மையில் எந்தச் செய்தி வந்தால் மகிழ்ச்சி? அந்தச் செய்தியை எழுதுபவர் எந்தச் சொற்களைத் தவிர்க்கவே முடியாது? என் விஷயத்தில், ஒரு நிறுவனம் 'திடநிலை பேட்டரிதான் எதிர்காலம்' என்று அறிவிப்பது எனக்கு வேண்டாம். மின்பகுபொருளைத் துளைத்துக்கொண்டு வளர்ந்து குறுக்குச்சுற்றை உண்டாக்கும் லித்தியம் ஊசிகளை யாராவது கட்டுப்படுத்தினார்களா, சோதனை உற்பத்தி வரிசை எங்காவது ஓடத் தொடங்கியதா, இவைதான் வேண்டும். முதலாவதைப் பற்றி எழுதுபவர் அந்த ஊசிகளின் பெயரான 'டென்ட்ரைட்' என்ற சொல் இல்லாமல் எழுதுவது அபூர்வம். இரண்டாவதைப் பற்றி எழுதுபவர் 'பைலட் லைன்' என்று எழுதுவார். தலைப்பின் பெயரோடு இந்தச் சொற்களில் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தேன். வரும் எண்ணிக்கை பலமடங்கு குறைந்தது. வந்தவற்றில் திறந்து படிக்கத் தகுந்தவை அதிகமாயின. எல்லாவற்றையும் ஒரே நீண்ட தேடலில் திணிக்காமல் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்ன அறிவிப்பு என்று தனித்தனியாக வையுங்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அப்போதுதான் தெரியும்.

தமிழ்ச் செய்திகளைப் பின்தொடர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் சொற்கள் வேற்றுமை உருபோடு ஒட்டி வருபவை. மேற்கோள் குறிக்குள் 'நீரிழிவு' என்று மட்டும் கொடுத்தால் 'நீரிழிவுக்கு', 'நீரிழிவால்' என்று எழுதிய பக்கங்கள் நழுவக்கூடும். எனவே முக்கியமான வடிவங்களுக்கு நடுவே 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' (OR) என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டு இணைத்துக் கொடுங்கள். 'சர்க்கரை நோய்' போன்ற புழக்கத்தில் உள்ள மாற்றுப் பெயரையும் அப்படியே சேர்க்கலாம்.

அறிவிப்பை உருவாக்கும் முன் அதே தேடலைச் சாதாரணத் தேடுபொறியில் போட்டு, காலத்தைக் கடந்த ஒரு வாரம் அல்லது ஒரு மாதம் என்று சுருக்கிப் பாருங்கள். அங்கே முதல் பக்கத்தில் பாதி குப்பையாக இருந்தால் மின்னஞ்சலிலும் பாதி குப்பைதான் வரும். அங்கேயே திருத்திவிட்டு, பிறகு சேமியுங்கள்.

அமைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூகுள் அலர்ட்ஸில் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த வகைத் தளங்கள், எந்த மொழி, எந்தப் பகுதி, சிறந்தவை மட்டுமா எல்லாமுமா என்று தேர்ந்தெடுக்கலாம். தேடல் அகலமாக இருந்தால் சிறந்தவை மட்டும் போதும். குறுகலாகச் செதுக்கி வைத்திருந்தால் எல்லாவற்றையும் கேளுங்கள், இல்லாவிட்டால் அபூர்வமான ஒன்று வடிகட்டலில் போய்விடும். செய்தி வந்த அன்றே நீங்கள் ஏதாவது செய்ய வேண்டியிருந்தால் ஒழிய உடனுக்குடன் வேண்டாம். பெரும்பாலான தலைப்புகளுக்கு வாரம் ஒரு முறை போதும். ஒரே பத்திரிகைக் குறிப்பை இருபது தளங்கள் எழுதியிருந்தாலும் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு மொத்தமாகக் கடந்துவிடலாம்.

இன்னொரு வகைச் சேவைகள் இருக்கின்றன. கூகுள் நியூஸ் போன்றவற்றில் தலைப்பைப் பின்தொடர்ந்தால், சொற்களைத் தாண்டி உங்கள் நடத்தையையும் அவை கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அங்கே 'இது மாதிரி குறைவாகக் காட்டு' என்ற தேர்வை முதல் சில வாரங்களுக்குச் சலிக்காமல் அழுத்துங்கள். பொருந்தாத செய்தியைப் பேசாமல் தாண்டிப் போனால் அதற்கு ஒன்றும் புரியாது. அதைவிட முக்கியம், எரிச்சலிலோ வெறும் ஆவலிலோ எதையும் திறக்காதீர்கள். நீங்கள் கோபத்தில் திறந்தீர்களா விருப்பத்தில் திறந்தீர்களா என்று இயந்திரத்துக்குத் தெரியாது, இன்னும் பத்து கொண்டுவந்து கொட்டும். கூகுள் அலர்ட்ஸ் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு முடிவுக்குக் கீழேயும் 'பொருத்தமற்றது' என்று தெரிவிக்க ஒரு சுட்டி இருக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்: ஒவ்வொருவருக்கும் எது தேவை என்று ஒரு விவரக்குறிப்பு, புதிய ஆவணங்கள் வரும்போது அதோடு ஒப்பிட்டு அனுப்புதல், அவர் எதை ஏற்கிறார் என்று பார்த்து அந்தக் குறிப்பையே திருத்துதல். திருத்தும் அந்த மூன்றாவது பகுதிதான் இதற்கு உயிர் என்று நினைக்கிறேன். நாமோ முதல் நாள் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டு அதை அப்படியே மறந்துவிடுகிறோம்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பயன்பட்டதற்கு வருகிறேன். சொல்லைப் பின்தொடர்வதைவிட மூலத்தைப் பின்தொடர்வது பல சமயங்களில் நல்லது. உங்கள் தலைப்பு ஆராய்ச்சி சார்ந்தது என்றால், அந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஓர் அடிப்படைக் கட்டுரை இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரையை எடுத்து, அதைப் புதிதாக யாராவது மேற்கோள் காட்டினால் தெரிவிக்கும்படி கேட்டுவிடலாம். எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும், எப்படித் தலைப்பு வைத்தாலும், அந்த வேலையைத் தொடர்பவர்கள் அந்தக் கட்டுரையைச் சுட்டாமல் இருப்பது அரிது. எந்தச் சொற்கூட்டாலும் இவ்வளவு சுத்தமான முடிவுகளைக் கொண்டுவர முடிந்ததில்லை. மருத்துவம் என்றால் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் தேடல் தளமான பப்மெட்டில் தேடலைச் சேமித்து வாரந்தோறும் மின்னஞ்சல் பெறலாம். அங்கே கட்டுரைகளுக்குப் பொதுவான பொருள் தலைப்புகளும் சூட்டப்படுகின்றன, அதனால் ஒரே நோய்க்கு ஆசிரியர்கள் வேறுவேறு பெயர் எழுதினாலும் ஒன்றாகப் பிடிபடும். மென்பொருள் என்றால், மென்பொருள் திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தத் திட்டத்தின் புதிய வெளியீடுகளுக்கு மட்டும் அறிவிப்பு கேட்கலாம். அங்கே நடக்கும் ஒவ்வொரு விவாதமும் உங்கள் அஞ்சல்பெட்டிக்கு வராது.

மற்ற தளங்களுக்கு ஆர்எஸ்எஸ் இருக்கிறது, அதாவது ஒரு தளம் புதிதாக வெளியிடுவதை உங்கள் வாசிப்பானுக்குக் கொண்டுவரும் ஓடை. அப்படிப்பட்ட வாசிப்பானான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது ஆர்எஸ்எஸ் ஒழிந்தது என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். அது இன்றும் வேலை செய்கிறது. ஏராளமான செய்தித் தளங்களும் ஆய்விதழ்களும் இப்போதும் கொடுக்கின்றன. ஃபீட்லி, இனோரீடர் போன்ற வாசிப்பான்களில் நீங்களே தேர்ந்தெடுத்த சில நல்ல மூலங்களைச் சேர்த்துக்கொண்டால் நடுவில் எந்தக் கணிப்பும் இல்லாமல் அவர்கள் வெளியிடுவது அப்படியே வரும். கூகுள் அலர்ட்ஸையும் மின்னஞ்சலுக்குப் பதிலாக ஆர்எஸ்எஸ் ஓடையாகப் பெற்று அதே வாசிப்பானில் போட்டுவிடலாம். என் ஏற்பாடு இதுதான்: மூலங்களை நேரடியாகப் பின்தொடர்கிறேன், எனக்குத் தெரியாத மூலங்களில் வருவதைப் பிடிக்க மட்டும் சொல் அறிவிப்புகள்.

கடைசியாக, இவ்வளவும் செய்தபின் எழ வேண்டிய ஒரு கவலை இருக்கிறது. குப்பை வந்தால் கண்ணில் படும். வராமல் போன நல்ல செய்தி படாது. 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் நடத்திய தேடல் சோதனைகள் இதை அழுத்தமாகக் காட்டின: துல்லியத்தை (வந்தவற்றில் தேவையானவை எவ்வளவு) கூட்டக் கூட்ட முழுமை (தேவையானவற்றில் வந்தவை எவ்வளவு) குறையும், முழுமையைக் கூட்டினால் துல்லியம் குறையும். தேடலைச் செதுக்கும்போது நாமும் இந்தப் பேரத்தைத்தான் செய்கிறோம். அதனால் நண்பர் சொல்லியோ வேறு எங்காவது படித்தோ உங்கள் தலைப்பில் ஒரு நல்ல செய்தி தெரியவரும்போதெல்லாம், அது உங்கள் அறிவிப்பில் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்தக் கட்டுரையைத் திறந்து காரணத்தைத் தேடுங்கள். நீங்கள் கேட்ட தொடர் அதில் இல்லையா, நீங்கள் கழித்த தொடர் ஒன்று உள்ளே இருக்கிறதா, மொழியோ பகுதியோ குறுக்கே நிற்கிறதா? இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தொடர் இல்லையென்றால் அந்தக் கட்டுரை பயன்படுத்திய சொல்லை உங்கள் தேடலில் சேர்த்துவிடுங்கள். துறைக்குள் புதுச் சொற்கள் புழக்கத்துக்கு வருவது எனக்குப் பல முறை இப்படித்தான் தெரிந்திருக்கிறது.