ஏழாவது பான்சர் டிவிஷன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப்போர் குறித்த உங்கள் கட்டுரையில் 1940இல் பிரான்ஸ் வீழ்ந்த கதையைச் சில வரிகளில் கடந்துவிட்டீர்கள். ஜெர்மனியிடம் இருந்த ஏராளமான, மேம்பட்ட டாங்கிகளும் அதன் தளபதி ரொம்மலின் மேதைமையுமே அந்த வெற்றிக்குக் காரணம் என்றுதான் இதுவரை எண்ணியிருக்கிறேன். அவருடைய ஏழாவது பான்சர் (டாங்கிப் படை) டிவிஷனுக்குப் ‘பேய் டிவிஷன்’ என்ற பெயர் எப்படி வந்தது? அதில் எத்தனை டாங்கிகள் இருந்தன, அது எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது, பிற்பாடு என்ன ஆயிற்று? வட ஆப்பிரிக்காவில் இந்தியச் சிப்பாய்கள் எதிர்கொண்டது இதே டிவிஷனைத்தானா?

கே.

அன்புள்ள கே.,

‘ஏராளமான, மேம்பட்ட’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். 1940 மே 10 அன்று ஏழாவது பான்சர் டிவிஷனிடம் சுமார் 220 டாங்கிகள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழப் பாதி பான்சர் 1, பான்சர் 2 ஆகிய சிறு வகைகள். முதலாவதில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே உண்டு. இரண்டாவதில் 20 மி.மீ. பீரங்கி. கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் இருந்த இன்னொரு வகை ஜெர்மனியில் வடிவமைக்கப்பட்டதே அல்ல. 1939 மார்ச்சில் செக் நாட்டை விழுங்கியபோது அதன் தொழிற்சாலைகளோடு சேர்த்துக் கைப்பற்றிய 38(டி) டாங்கி அது. 75 மி.மீ. பீரங்கி கொண்ட பான்சர் 4 வெறும் 24தான். பிரெஞ்சுப் படையின் பி-1 டாங்கியின் 60 மி.மீ. கவசத்தை 38(டி)யின் 37 மி.மீ. குண்டு பெரும்பாலும் துளைக்காது. மொத்த எண்ணிக்கையிலும் நேசநாடுகள் பின்தங்கியிருக்கவில்லை. ஜெர்மானிய டாங்கிகளின் உண்மையான மேன்மை வானொலிக் கருவிகளில் இருந்தது. பல பிரெஞ்சு டாங்கிகளிலோ சுழல்மேடையில் தனியாக அமர்ந்திருந்த ஒரே மனிதர் குண்டை ஏற்றி, குறிபார்த்து, சுட்டு, இடையில் கட்டளையும் இட வேண்டியிருந்தது.

பான்சர் டிவிஷன் என்றதும் டாங்கிகளின் திரளைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அதன் வலிமை டாங்கிகளைச் சுற்றி இருந்தவற்றில்தான் இருந்தது என்பது என் எண்ணம். ஏழாவது டிவிஷனின் முன்வடிவம் தூரிங்கியாவின் கேரா நகரில் 1938இல் உருவான இரண்டாவது இலகு டிவிஷன். போலந்துப் போரில் பெரும்பாலான இலகு டிவிஷன்களிடம் ஒரேயொரு டாங்கி பட்டாலியன் இருந்ததால் அவை வலுவற்றவை என்று தெரிந்தது. 1939 அக்டோபரில் அவற்றைப் பான்சர் டிவிஷன்களாக மாற்றினார்கள். பழைய பான்சர் டிவிஷன்களில் இரண்டிரண்டு டாங்கி ரெஜிமெண்டுகள் (சில பட்டாலியன்கள் சேர்ந்தது ஒரு ரெஜிமெண்ட்) இருக்க, ஏழாவதில் 25ஆவது பான்சர் ரெஜிமெண்ட் ஒன்றே மூன்று பட்டாலியன்களுடன் இருந்தது இதனால்தான். அதனுடன் லாரிகளில் செல்லும் 6ஆவது, 7ஆவது காலாட்படை ரெஜிமெண்டுகள், 78ஆவது பீரங்கி ரெஜிமெண்ட், 7ஆவது மோட்டார் சைக்கிள் பட்டாலியன், 37ஆவது வேவுப் பட்டாலியன், 58ஆவது பொறியாளர் பட்டாலியன், 42ஆவது டாங்கி எதிர்ப்புப் பட்டாலியன், செய்தித்தொடர்புப் பிரிவு, எரிபொருளும் குண்டுகளும் சுமக்கும் வாகன வரிசைகள் ஆகிய அனைத்தும் ஒரே தளபதியின் கீழ் ஒரே வேகத்தில் நகர்ந்தன. மேற்கே இறங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் டிவிஷன்களில் இப்படிப்பட்டவை 10 மட்டுமே. மற்றவற்றில் பெரும்பாலானவை கால்நடையாகவும் குதிரை வண்டிகளோடும் வந்தவை.

மே 13 அன்று பெல்ஜியத்தின் தினான் நகருக்கருகே மியூஸ் ஆற்றைக் கடந்ததைப் பாருங்கள். டாங்கிகள் கிழக்குக் கரையில் நின்று சுட்டுக்கொண்டிருக்க, காலாட்படையினர் ரப்பர் படகுகளில் ஆற்றில் இறங்கினர். எதிர்க்கரையிலிருந்து வந்த சூட்டில் படகுகள் ஒவ்வொன்றாகச் சிதைந்தன. புகைத்திரை எழுப்பும் பிரிவு கைவசம் இல்லாததால் ரொம்மல் ஆற்றோர வீடுகளுக்குத் தீ வைக்கச் சொன்னார். தொடக்கத்திலேயே சென்ற படகுகளில் ஒன்றில் தாமும் ஏறி மறுகரைக்குப் போனார். பொறியாளர்கள் இரவெல்லாம் உழைத்து மிதவைகளில் டாங்கிகளைக் கடத்தினார்கள். பிரான்ஸின் கதவைத் திறந்த அந்த நாளின் கடுமையான வேலையைச் செய்தவர்கள் துப்பாக்கி ஏந்திய காலாட்படையினரும் மிதவை கட்டியவர்களும்தான். 1940 பிப்ரவரியில் டிவிஷனை ஏற்றுக்கொள்ளும்வரை ரொம்மலே டாங்கிப் படையில் பணியாற்றியவர் அல்லர், முதல் உலகப்போரில் பெயர் பெற்ற காலாட்படை அதிகாரி என்பதும் இங்கே நினைவுகூரத் தக்கது.

பெயருக்கு வருகிறேன். மே 16 இரவில் ரொம்மல் எல்லைக் கோட்டைகளை உடைத்துக்கொண்டு அவேன் நகரைத் தாண்டி, விடியும்போது லெ காத்தோவின் அருகே இருந்தார். அவருடன் டாங்கிகளும் சிறிதளவு காலாட்படையுமே இருந்தன. டிவிஷனின் பெரும்பகுதி பல கிலோமீட்டர் பின்னால் இருந்தது, தலைமையகத்துடனான வானொலித் தொடர்பும் அறுந்திருந்தது. டிவிஷன் எங்கே இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்களுக்கும் தெரியவில்லை, மேலிடத்துக்கும் தெரியவில்லை. ‘பேய் டிவிஷன்’ என்ற பெயர் வந்தது இப்படித்தான். வெற்றி பெற்றதால் இது துணிச்சல் எனப்பட்டது. அன்று பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவர் சுறுசுறுப்பாக இருந்திருந்தால் இதையே பொறுப்பின்மை என்று பாடநூல்கள் எழுதியிருக்கும்.

அதன் விலை மே 21 அன்று ஆராஸில் தெரிந்தது. டாங்கி ரெஜிமெண்ட் வெகுதூரம் முன்னே போய்விட்ட வேளையில், பின்னால் வந்துகொண்டிருந்த காலாட்படையின் மீது 74 பிரிட்டிஷ் மட்டில்டா டாங்கிகள் பாய்ந்தன. 37 மி.மீ. டாங்கி எதிர்ப்புத் துப்பாக்கிகளின் குண்டுகள் அவற்றின் கவசத்தில் பட்டுத் தெறித்தன. துப்பாக்கிக் குழுக்கள் நசுங்கின. கடைசியில் 78ஆவது ரெஜிமெண்டின் பீரங்கிகளும், விமானங்களைச் சுடுவதற்காகச் செய்யப்பட்ட, விமானப்படைக்கு உரிய 88 மி.மீ. பீரங்கிகளும் நேர்க்கோட்டில் சுட்டு அவற்றை நிறுத்தின. டாங்கியை டாங்கிதான் வெல்லும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

போரின் புகழில் பிரச்சாரத்தின் பங்கும் உண்டு. நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸின் அமைச்சகத்தைச் சேர்ந்த கார்ல் ஹாங்கே அப்போது ரொம்மலின் பணிக்குழுவிலேயே லெஃப்டினன்டாக இருந்தார். ஜூன் 5 அன்று சோம் ஆற்றைத் தகர்க்கப்படாத ரயில் பாலங்களின் வழியாகக் கடந்த நிகழ்ச்சி, பின்னர் ஒரு படத்துக்காக மீண்டும் நடித்துக் காட்டப்பட்டது. படத்தில் வராத ஒன்று உண்டு: அதே பகுதியில், ஐரேன் என்ற ஊரில், கபோனில் பிறந்த பிரெஞ்சு ராணுவக் கேப்டன் ஷார்ல் ந்சோரேரே, பிடிபட்ட பிறகு தம்மை அதிகாரியாக நடத்துமாறு கேட்டதற்காக ஜூன் 7 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆப்பிரிக்க வீரர்கள் பலரும் அவ்வட்டாரத்தில் சரணடைந்த பின் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு கொலைக்கும் எந்த ஜெர்மன் பிரிவு பொறுப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆயினும் இதைச் சொல்லாமல் ஏழாவது டிவிஷனின் பிரெஞ்சுப் படையெடுப்பை எழுதுவது முறையல்ல. அதன்பின் செயின்ட் வலேரியில் பிரிட்டனின் 51ஆவது ஹைலாண்ட் டிவிஷன் அதனிடம் சரணடைந்தது. ஜூன் 19 அன்று ஷெர்பூர் துறைமுகம் வீழ்ந்தது.

1941 ஜூன் 22 அன்று, புதிய தளபதி ஃபோன் ஃபுங்க் தலைமையில், ஏழாவது டிவிஷன் சோவியத் எல்லையைக் கடந்தபோது டாங்கிகள் சுமார் 265 ஆகியிருந்தன. பெரும்பான்மை இன்னமும் 38(டி)தான். முதல் நாளிலேயே லித்துவேனியாவின் அலீத்தூஸில் நேமன் ஆற்றுப் பாலங்களைப் பிடித்து, அங்கே டி-34 டாங்கிகளை எதிர்கொண்டது. 24ஆம் தேதி வில்னியூஸ் வீழ்ந்தது. பின்னால் வந்த கொலைக்குழுக்கள் அந்நகர யூதர்களைப் போனாரி காட்டில் கொன்று குவித்தன. நவம்பர் 28 அதிகாலையில் டிவிஷனின் அதிகாரிகளுள் ஒருவரான மான்டாய்ஃபெலின் பிரிவு மாஸ்கோவுக்கு வடக்கே யாக்ரோமாவில் மாஸ்கோ–வோல்கா கால்வாய்ப் பாலத்தைக் கைப்பற்றியது. பாலம் இருந்தது, ஆனால் அதைக் கடந்து அனுப்பக் காலாட்படை எஞ்சியிருக்கவில்லை. சோவியத் எதிர்த்தாக்குதலில் மறுநாளே பின்வாங்க நேர்ந்தது.

அதற்குப் பிந்தைய வரலாறு பெரிதும் தேய்மானத்தின் வரலாறு. 1942இல் பிரான்ஸில் மீண்டும் நிரப்பப்பட்டு, நவம்பரில் துலோன் துறைமுகத்தைக் கைப்பற்றும் வேலையில் ஈடுபட்டது; அங்கே பிரெஞ்சுக் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்துவிட்டது. பிறகு கார்கோவ், குர்ஸ்க், ஷித்தோமிர், காமெனெட்ஸ் முற்றுகை, மெமெல், டான்சிக். லாரிகளும் பயிற்சி பெற்ற காலாட்படையும் குறையக் குறைய, அதிகாரபூர்வ அமைப்பு அட்டவணைக்கும் களத்தில் நின்றதற்கும் தொடர்பு அற்றுப்போயிற்று. எஞ்சியவர்கள் 1945 மே தொடக்கத்தில் ஷ்வெரின் பகுதியில் பிரிட்டிஷாரிடம் சரணடைந்தனர்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை ‘இல்லை’ என்பதே. 1941 பிப்ரவரியில் ரொம்மல் மட்டும்தான் லிபியாவுக்குப் போனார். அங்கே அவரிடம் இருந்தவை, பின்னர் 21ஆவது பான்சர் டிவிஷன் என்று பெயர் மாற்றப்பட்ட ஐந்தாவது இலகு டிவிஷனும் 15ஆவது பான்சர் டிவிஷனும். மியூஸ் ஆற்றில் ஏழாவது காலாட்படை ரெஜிமெண்டை நடத்திய கேயோர்க் ஃபோன் பிஸ்மார்க் பிற்பாடு அந்த 21ஆவதற்குத் தலைமையேற்று, 1942 ஆகஸ்ட் இறுதியில் ஆலம் ஹல்ஃபாவில் கொல்லப்பட்டார். 1941 ஏப்ரலில் மெக்கிலியில் மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேடு மோதியது இந்த ஆப்பிரிக்கப் படைகளுடன்தான். நான்காவது இந்திய டிவிஷனும் அவற்றையே எதிர்த்துப் போரிட்டது. அதன் பொறியாளர் கம்பெனிகளுள் ஒன்று மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்தது. 1943 மே 12 அன்று துனிசியாவில் ஜெர்மானியத் தலைமைத் தளபதி ஃபோன் ஆர்னிம் சரணடைந்ததும் அந்த நான்காவது இந்திய டிவிஷனிடம்தான்.