எழுதிக் கொடுத்த வீட்டை அம்மா திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் உள்ள வீட்டை அம்மா 2019-ல் எனக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. அவர் முன் அறையில் தனியாகச் சமைத்துக்கொள்கிறார். மோட்டார் சுவிட்ச் என் பக்கம் இருப்பதால் தண்ணீருக்குத் தினமும் சண்டை. இப்போது பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுத்திருக்கிறார். அவருக்கு வயது 68. பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் ஒரு வரிகூட இல்லை. திருப்பூரில் இருக்கும் அண்ணன் ஒரு பைசா தருவதில்லை. வீடு கைவிட்டுப் போகுமா?

பதில்: போகலாம் சகோதரி. அந்த ஒரு வரி இல்லை என்பதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23-ன்படி, அடிப்படை வசதிகளைச் செய்து தர வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அது மீறப்பட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை நிரூபிக்கப்பட வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்கு ஆதரவாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. அந்த மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்து வழக்கு ஒன்றில், நிபந்தனையை வெளிப்படையாக எழுத வேண்டியதில்லை, அன்பும் பாசமுமே உள்ளடங்கிய நிபந்தனை என்று தீர்ப்பளித்தது. உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'அன்பையும் அபிமானத்தையும் முன்னிட்டு' என்ற வாசகம் அநேகமாக இருக்கும்.

எனக்குப் பெரிய கவலை அந்த மோட்டார் சுவிட்ச்தான். பேசாமல் இருப்பது குற்றமில்லை. ஆனால் தண்ணீர் அடிப்படை வசதி. 68 வயது அம்மா குடத்தோடு காத்திருக்கிறார் என்று கோட்டாட்சியர் முன்னால் சொன்னால், உங்கள் பக்க நியாயம் எதுவும் எடுபடாது. அவர் பக்கத்துக்கு இன்றே ஒரு சுவிட்ச் போட்டுக் கொடுங்கள்.

விசாரணைக்குத் தவறாமல் போங்கள். மருந்து, மின் கட்டணம் என்று நீங்கள் செலவு செய்த ரசீதுகளை எடுத்துச் செல்லுங்கள். அண்ணனும் பொறுப்பாளிதான், பராமரிப்புத் தொகை கேட்டிருந்தால் அவரையும் மனுவில் சேர்க்கச் சொல்லலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட இந்தச் சட்டத்தில் இடமுண்டு.

விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதை நீங்களே கேளுங்கள். அம்மா ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் இருக்கலாம், அவர் உயிரோடு இருக்கும்வரை விற்கவோ அடமானம் வைக்கவோ மாட்டேன் என்று எழுதிப் பதிவு செய்து தர முன்வாருங்கள். வீடு கேட்டு வரும் தாய்மார்கள் பலருக்கும் உண்மையான பயம், கடைசிக் காலத்தில் தெருவில் நிற்க நேருமோ என்பதுதான்.