அணிகட்: 'கட்' என்றால் வெட்டு இல்லை

கேள்வி: கல்லணையை ஆங்கிலத்தில் 'கிராண்ட் அணிகட்' என்கிறார்களே, கட் என்றால் வெட்டுதானே? ஆற்றை வெட்டிப் பிரிக்கிற இடம் என்று வெள்ளைக்காரப் பொறியாளர் ஆர்தர் காட்டன் வைத்த பெயர் அது என்று சாதிக்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். சரியா? (வாசகர், பாபநாசம்)

பதில்: சரியில்லை. அது வெட்டு இல்லை ஐயா, கட்டு. அணைக்கட்டு என்பதை நம்மூர்க்காரர் வேகமாகச் சொல்லும்போது கடைசி உகரம் தேய்ந்துவிடும், வெள்ளைக்காரன் காதில் விழுந்தது அவ்வளவுதான். சுருட்டு 'செரூட்' ஆனதும் இதே மாதிரிதான்.

காட்டன் வைத்த பெயரும் இல்லை. 1776-லேயே, அதாவது அவர் பிறப்பதற்கு 27 வருஷம் முன்பே, சென்னையிலிருந்து கிழக்கிந்தியக் கும்பினி சபையார் தஞ்சாவூரில் இருந்த தங்கள் படைத்தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் இருக்கிறது: கரை பழுதுபார்ப்பதைப் பார்க்க ராஜா 'அனகட்'டுக்குப் போக விரும்பினால் எங்களுக்குத் தடையில்லை என்று. காட்டன் நம்மிடம் எடுத்துக்கொண்டது சொல்லை மட்டுமா? ஆழம் தெரியாத ஆற்று மணலில் கல்லைப் போட்டு, அது புதைந்து நிலைகொண்ட பிறகு அதன் மேலேயே கட்டுமானத்தை எழுப்பும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றோம் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்புறம்தான் 1836-ல் முக்கொம்பில் மேலணை, அதற்குப் பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம். அங்கேயும் பெயர் அணிகட்தான்.

ஆங்கிலத்தில் அதற்குத் தனிப் பொருளும் உண்டு. தண்ணீரைத் தேக்கி வைப்பது டேம். ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கிடந்து, மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, மிச்சத்தை மேலே வழிய விடுவது அணிகட். அதனால்தான் மேட்டூரை யாரும் அணிகட் என்பதில்லை. ராஜஸ்தானில் ஓடைக்குக் குறுக்கே போடும் சின்னத் தடுப்பணையைக்கூட 'எனிகட்' என்கிறார்கள், காவிரியைக் கண்ணால் பார்க்காதவர்கள் வாயில் நம் சொல் புழங்குகிறது. எனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

ஒரு வருத்தமும் உண்டு. 1934-ல் வந்த கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்ப் பெரியவர்கள் புது ஆறு என்பார்கள், இப்போது பிள்ளைகள் வாயில் அது 'ஜி.ஏ. கெனால்'. அந்த 'ஏ' என்ன என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.