ஏர் சஸ்பென்ஷன் போன பழைய பென்ஸ் காருக்குக் காயில் ஸ்பிரிங் மாட்டிவிடலாமா?

1960களின் கடைசியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்இஎல் ஒன்று விலைக்கு வருகிறது, பாடியும் இன்ஜினும் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றே வண்டியைத் தாங்கும் அமைப்பு) போய் வண்டி தரையோடு உட்கார்ந்திருக்கிறது, மெக்கானிக் காயில் ஸ்பிரிங் மாட்டிவிடலாம் என்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்த வண்டியிலேயே அருமையான விஷயம் அந்தக் காற்றுதான். அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அழகான, கனமான பழைய கார் ஒன்று, அவ்வளவே. அதோடு, பயமுறுத்தும் அளவுக்கு அது சிக்கலான அமைப்பும் இல்லை. கம்ப்யூட்டர், சென்சார் எதுவும் கிடையாது. காற்று, ரப்பர், வால்வு, குழாய். எல்லாமே கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் சரிசெய்யக்கூடியவை.

இன்ஜின் ஓடும்போது அதோடு சேர்ந்து ஒரு கம்ப்ரசர் ஓடும். அது டேங்கில் காற்றை நிரப்பும். அங்கிருந்து, வண்டியின் உயரத்தைப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கும் மூன்று லெவலிங் வால்வுகள் வழியாக, நான்கு சக்கரங்களிலும் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் பைகளான பெல்லோஸுக்குக் காற்று போகும். சக்கரம் நான்கு, வால்வு மட்டும் ஏன் மூன்று? முன்பக்கம் இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று, பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒன்று. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பது போலத்தான் இது. நான்கு மூலைக்கும் தனித்தனி வால்வு வைத்திருந்தால் ஒன்று ஏற்ற, இன்னொன்று இறக்க என்று ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்.

காயில் ஸ்பிரிங்கில் ஆள் ஏறினால் வண்டி இறங்கும், ஆட்டத்தின் வேகமும் மாறும். காற்று ஸ்பிரிங்கில் எடை கூடினால் வால்வு காற்றைச் சேர்த்துப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடும். உள்ளே அழுத்தம் கூடுவதால் ஸ்பிரிங்கின் விறைப்பும் எடையோடு சேர்ந்தே கூடும். அதனால் ஓட்டுநர் மட்டும் இருந்தாலும், பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கி நிறையப் பெட்டிகளும் இருந்தாலும், வண்டி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மிதக்கும். காயில் ஸ்பிரிங்கில் இது வராது. இதே பாடியில் காயில் ஸ்பிரிங்கோடு வந்த மாடலும் உண்டு. அதுவும் நல்ல வண்டிதான். அந்த ஓட்டம் போதுமென்றால் நேராக அதையே வாங்கிவிடலாம்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வண்டி உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் முதலில் கை காட்டுவது கம்ப்ரசரை. நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து இதே ரக வண்டி ஒன்றை எழுப்பினோம். அதற்கு முன் பார்த்த ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசர் செத்துவிட்டது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் அதில் பெரிய குறையே இல்லை. அது அனுப்பிய காற்றெல்லாம் வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. கசிவு இருக்கும்வரை கம்ப்ரசர் ஓய்வில்லாமல் உழைக்கும், தேயும், எண்ணெயைக் காற்றோடு தள்ளும். கசிவை விட்டுவிட்டுப் புது கம்ப்ரசர் போட்டால் அதற்கும் அதே கதிதான். அதனால் கசிவுதான் முதல் வேலை, கம்ப்ரசர் கடைசி.

கசிவு தேடும்போது இன்ஜின் ஓடக் கூடாது. அந்தச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. அமைப்புக்கு வெளியிலிருந்து காற்று ஏற்ற, டயரில் இருப்பது போன்ற ஒரு வால்வு இருக்கும். ஈரமில்லாத காற்றோ நைட்ரஜனோ, சர்வீஸ் மேனுவலில் சொன்ன அழுத்தத்துக்குள் ஏற்றிவிட்டு, சுற்றிலும் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். பெரிய கசிவு சீறும், உடனே தெரிந்துவிடும். சின்னதுக்குச் சோப்புத் தண்ணீர். குழாய் வந்து சேரும் ஒவ்வொரு நட்டிலும் பிரஷ்ஷால் தடவிவிட்டு அவசரப்படாமல் நில்லுங்கள். எங்கள் வண்டியில் பெல்லோஸ் எல்லாம் பார்த்து முடித்து ஒன்றும் கிடைக்காமல், கடைசியில் டேங்கை ஒட்டிய ஒரு நட்டில் கடுகளவுக்குக் குமிழ்கள் மெல்ல ஊறி வந்தன. அந்த ஒரு இடத்துக்காகத்தான் வண்டி இரவெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

எப்படி இறங்குகிறது என்பதும் வழி காட்டும். மாலையில் நாலு சக்கரத்துக்கும் மேலே, மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் மறுபடி அளந்து பாருங்கள். முன்னால் ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் பெல்லோஸ், வால்வு, குழாய் மூன்றையும் பாருங்கள். பின்பக்கம் இரண்டும் சமமாக இறங்கினால் இரண்டுக்கும் பொதுவான வால்வை முதலில் சந்தேகப்படுங்கள். கண்ணை நம்ப வேண்டாம், ஒரு மூலை சாய்ந்தாலே பாடி முழுவதும் கோணலாகத் தெரியும்.

பெல்லோஸைக் காற்று இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். மடிப்புக்குள் மறைந்திருக்கும் வெடிப்பு அப்போதுதான் விரிந்து தெரியும். நீங்கள் சொல்லும் வண்டி நெடுநாள் உட்கார்ந்தே கிடந்திருந்தால் நாலையும் மாற்றிவிடுவது நல்லது. பாடியின் எடை முழுவதும் நசுக்கிய ரப்பர் அது, மேலே பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் மடிந்த இடத்தில் போயிருக்கும். புதிதாக வாங்கும்போதும் தயாரித்த வருடத்தைக் கேளுங்கள், கடையில் சும்மா இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

அப்புறம் லெவலிங் வால்வு. உண்மையான எதிரியை நான் பார்த்தது அதற்குள்தான். கழற்றியதும் உள்ளே துருவும் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து பழுப்பு நிறச் சேறாக அப்பியிருந்தது, குண்டூசித் தலைக்கும் சின்னதான துளை அடைத்துப்போயிருந்தது. காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் பிரியும், டேங்கின் அடியில் தேங்கும், துருப்பிடிக்கும், அந்தத் துரு காற்றோடு போய் வால்வில் உட்காரும். தண்ணீர் குளிரில் உறைந்து வழியை அடைக்காமலிருக்க, காற்றில் ஆல்கஹால் கலக்கும் ஏற்பாடு ஒன்றையே தயாரிப்பாளர்கள் வைத்திருந்தார்கள். டேங்கின் தண்ணீரைத் தவறாமல் வடித்த வண்டிகளில் இந்த வால்வுகள் நெடுங்காலம் உழைக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்களுக்குக் கிட் கிடைக்கிறது. பொறுமையும் சுத்தமான மேசையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் டேங்கைச் சுத்தம் செய்யாமல் வால்வை மட்டும் சரிசெய்தால் பழைய சேறு மறுபடியும் அங்கேதான் வந்து சேரும்.

இதற்கிடையில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்கு அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகவே கூடாது. காற்று எந்த நொடியிலும் வெளியேறலாம், பாடி அப்படியே கீழே வரும். பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். இன்ஜினை நிறுத்திவிட்டாலும் டேங்கில் அழுத்தம் இருக்கும், அதை முழுக்க வெளியேற்றாமல் எந்த நட்டையும் தளர்த்தாதீர்கள். உட்கார்ந்த வண்டியை மெதுவாகத்தானே என்று சொல்லி ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். பெல்லோஸ் நசுங்கிக் கிழியும், அடி நேராக பாடியில் விழும். வேறொரு வண்டியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு மாற்றும் பழக்கம் புதிதல்ல. 1957-இல் காடிலாக் எல்டொராடோ ப்ரூம் ஏர் சஸ்பென்ஷனோடு வந்தபோது கசிவுத் தொல்லை தாங்காமல் உரிமையாளர்கள் பலர் காயில் ஸ்பிரிங் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு அது அவர்களுக்குத் தினசரி வண்டி, காலையில் கிளம்பியாக வேண்டும். இன்று புதுப்பிப்பவருக்கு அந்த அவசரம் இல்லை. பென்ஸிலேயே 450 எஸ்இஎல் 6.9 வேறு வகை, அதில் எண்ணெயும் நைட்ரஜனும் சேர்ந்து வேலை செய்யும். அதற்குச் சொல்லும் வைத்தியத்தை இதற்குக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

கசிவு நின்று காற்று தங்கிய பிறகும் ஓட்டம் கரடுமுரடாக இருந்தால் காற்றைக் குறை சொல்லாமல் ஷாக் அப்சார்பரையும், இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்களையும் பாருங்கள். அவற்றுக்கும் அதே வயதுதான். எல்லாம் மாற்றிய பிறகு வால்வை இழுக்கும் கம்பியின் நீளத்தை மாற்றி, மேனுவலில் உள்ளபடி உயரத்தைச் சமதரையில் சரிசெய்ய வேண்டும். வீல் அலைன்மென்ட் அதற்கு அப்புறம்தான். இந்த வண்டியின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில், அதாவது சக்கரத்தோடு சேர்ந்து ஆக்ஸிலும் மேலும் கீழும் ஊசலாடும் வகை, உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வே மாறிவிடும். கொஞ்சம் தாழ்ந்து நின்றாலும் பின்சக்கரங்களின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேய்ந்துபோகும்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜினை ஓடவிட்டு டேங்கில் காற்று ஏறட்டும். பிறகு நிறுத்திவிட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, அடியில் இருக்கும் வடிகாலை மெல்லத் திறந்து ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். துணி காய்ந்தே இருந்தாலோ தெளிந்த ஈரம் மட்டும் பட்டாலோ பெரும்பாலும் ரப்பர் வேலைதான், தயங்காமல் வாங்கலாம். பழுப்பாகக் கொட்டினால் டேங்க், குழாய்கள், மூன்று வால்வுகள் எல்லாவற்றையும் கழற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.